நாய்களோடு கார் பயணம்: சீட்டுக்கு முன் நாயைக் கவனியுங்கள்

கடிதத்தின் சுருக்கம்: வாசகர் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று நான்கு வயது லாப்ரடார் கலப்பு, 28 கிலோ. மற்றொன்று ஏழு மாதக் குட்டி, 9 கிலோ. கடிதத்தில் இவற்றைப் ‘பெரியவன்’, ‘சின்னது’ என்றே குறிப்பிட்டிருக்கிறார்; நானும் அப்படியே எழுதுகிறேன். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஆறு மணி நேரக் கார் பயணம். கார் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வெளிர் நிறத்தில், நுண்துளைகள் போட்ட லெதர் சீட். இப்போது பின் கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல், தரை விரிப்பு முழுக்க முடி. சின்னது கிளம்பிய அரை மணிக்குள் வாந்தி எடுக்கிறது. இரண்டு முறை சீட்டிலேயே சிறுநீரும் போய்விட்டது. தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்தும் பயனில்லை. பினாயில் போட்டுத் துடைத்த பிறகும் வெயில் ஏறினால் நாற்றம் கிளம்புகிறது. பயணத்துக்கு முந்தைய இரவிலிருந்தே இரண்டுக்கும் உணவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பெரியவனின் கழுத்துப்பட்டையைச் சீட் பெல்ட்டோடு கட்டி வைக்கிறார்கள். எந்த சீட் கவர் வாங்கலாம், தூக்க மாத்திரை கொடுக்கலாமா, முடியை ஒட்ட வெட்டிவிடலாமா, சாப்பிட இறங்கும்போது கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுக் காரிலேயே விட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். பேசாமல் இரண்டையும் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்பது அவருடைய கணவரின் கட்சி.

அன்புள்ள வாசகிக்கு,

‘வேண்டுமென்றே செய்கின்றன’ என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை விட்டுவிடுவோம். புது சீட்டைப் பார்த்து வஞ்சம் வைக்கும் அளவுக்கு நாய் யோசிப்பதில்லை. நீங்கள் சொல்லும் சேதத்துக்குக் காரணம் மூன்றுதான்: குமட்டல், பயம், கால் வழுக்கல். இதில் மூன்றாவதை நீங்களே காருக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிளாஸ்டிக் ஷீட்டைச் சொல்கிறேன். நாய் நிற்பதும் சமநிலை பிடிப்பதும் உள்ளங்கால் மெத்தையாலும் நகத்தாலும்தான். வழவழப்பான ஷீட்டின்மேல் இரண்டுக்கும் பிடிமானம் கிடையாது. கார் வளைவில் திரும்பும்போது 28 கிலோ உடம்பு சரிகிறது; நாய் பதறி எதையாவது பற்றப் பார்க்கிறது; பக்கத்தில் இருப்பது கதவு. கீறல்கள் ஷீட் விரிக்கத் தொடங்கிய பிறகுதான் அதிகமாயின என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சீட்டைக் காக்கப் போட்ட ஷீட் கதவைக் கெடுத்துவிட்டது. குட்டிக்கோ இன்னும் மோசம்: கால் நிலைகொள்ளாமல் உடம்பு ஆடிக்கொண்டே இருந்தால் குமட்டலும் கூடும். அந்த ஷீட்டை இன்றே எடுத்துவிடுங்கள்.

சின்னதின் வாந்தி

உள்காதில் சமநிலையை உணரும் உறுப்பு குட்டிகளுக்கு முழுமையாக முதிர்ந்திருக்காது. அதனால்தான் வளர்ந்த நாய்களைவிடக் குட்டிகளுக்குப் பயணக் குமட்டல் அதிகம். ஒரு வயதை ஒட்டிப் பலவற்றுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஆனால் அதற்குள் ‘கார் என்றால் வயிற்றைப் புரட்டும்’ என்று மனதில் பதிந்துவிட்டால், உடம்பு தேறிய பின்னும் காரைப் பார்த்தவுடனே எச்சில் வடியத் தொடங்கிவிடும். மாதம் ஒருமுறை நேராக ஆறு மணி நேரம் கூட்டிப்போவது இந்தப் பதிவை நன்றாக அழுத்தித்தான் வைக்கும்.

வாந்தி திடீரென வருவதில்லை. உதட்டை நக்குவது, அடுத்தடுத்துக் கொட்டாவி, எச்சில் வழிவது, அமைதியிழந்து எழுந்து எழுந்து உட்காருவது என்று பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே சொல்லிவிடும். பின் சீட்டில் யாராவது உட்கார்ந்து கவனித்தால், வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நடக்கவிட நேரம் கிடைக்கும்.

இரவு முழுக்கப் பட்டினி போடுவது சரியான வழி அல்ல. வெறும் வயிற்றில் அமிலமும் பித்தமும் சேர்ந்து, மஞ்சள் நுரையாக வாந்தி வரும். உணவு வாந்தியைவிட அது லெதரில் கறை விடும். வழக்கமான உணவில் பாதியைப் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு கொடுங்கள். தண்ணீரை நிறுத்தவே கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, வெளியே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். ஓடும் காரில் கிண்ணம் வைத்தால் தண்ணீர் விரிப்புக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

மருந்து வேண்டுமென்றால், பயணக் குமட்டலுக்கென்றே நாய்களுக்கான மரோபிடன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. இது மயக்கும் மருந்து அல்ல. பயணத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும். கொழுப்பான பண்டத்துக்குள் இறுகப் பொதிந்து கொடுத்தால் மாத்திரை கரையத் தாமதமாகும். பயணத்துக்கான அளவு, சாதாரண வாந்திக்குக் கொடுக்கும் அளவைவிடக் கூடுதல். அதை அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் தருவதில்லை. எத்தனை மில்லிகிராம் என்பதைக் குட்டியை எடை போட்டு, பரிசோதித்துவிட்டு உங்கள் மருத்துவர் எழுதித் தரட்டும்.

தூக்க மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். மயக்கும் மருந்து குமட்டலை நிறுத்தாது. நாய் அசையாமல் கிடக்கும், உள்ளே பயமும் புரட்டலும் அப்படியே இருக்கும். அரை மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்தும் உண்டு. சில மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் கெடுக்கும். பெரியவனுக்குப் பயம் கடுமையாக இருந்தால் அதைத் தணிக்கும் மருந்துகள் வேறு உள்ளன. அவற்றையும் வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பார்த்த பிறகே பயணத்தில் தர வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை எந்த நிலையிலும் வேண்டாம்.

மருந்தோடு பழக்கமும் வேண்டும். முதல் ஐந்து நாள் எஞ்ஜினை அணைத்து, கதவுகளைத் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் காருக்குள் உட்காரவைத்துத் தின்ன ஏதாவது கொடுங்கள். அடுத்து, கதவை மூடி எஞ்ஜினை மட்டும் ஓடவிடுங்கள். வண்டி நகரக் கூடாது. அதற்குப் பிறகு இரண்டு நிமிட ஓட்டம், பின் ஐந்து, பத்து, இருபது. எச்சில் வடியத் தொடங்கினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பெரியவனையும் கூடவே உட்காரவைத்துப் பழக்கலாம்.

கவர் வாங்கும்போது

உங்களுக்குத் தேவை, முன் சீட்டின் முதுகிலிருந்து பின் சீட்டின் முதுகு வரை தொட்டில்போலத் தொங்கும் கவர். ஹேமக் கவர் என்று விற்கிறார்கள். கால் வைக்கும் பள்ளத்தை அது மூடிவிடும். நாய் அதில் விழாது, முடியும் மண்ணும் அங்கே இறங்காது. வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், தையலைப் பாருங்கள். நீர்புகாத் துணி என்று எழுதியிருந்தாலும் ஊசி போன துளை வழியாகத்தான் சிறுநீர் இறங்கும். நடுவில், நாய் படுக்கும் இடத்தில், குறுக்குத் தையல் ஓடும் ‘குயில்ட்’ வகை பார்க்க அழகு, ஒழுகுவதும் அதுதான். வீட்டில் தரையில் விரித்து நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரை மணி கழித்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேற்பரப்பு துணி போன்று சற்றுச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் வழுக்காமலிருக்க ரப்பர் புள்ளிகள் இருக்க வேண்டும். சீட்டும் முதுகும் சேரும் இடுக்கில் செருகும் உருளைகள் இரண்டு, ஹெட்ரெஸ்ட்டில் மாட்டும் வார்கள் நான்கு, பெல்ட் பூட்டு வெளியே வரத் திறப்புகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். முன் சீட்டுகளுக்கு நடுவே வரும் பகுதியில் வலைத்துணி இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஏ.சி. காற்று பின்னால் போகாது. வெப்பத்தில் மூச்சிரைக்கும் நாய்க்குக் குமட்டலும் கூடும்.

ஒன்றைக் கட்டாயம் சரிபாருங்கள். சில கார்களில் பின் சீட்டின் பக்கவாட்டிலும் ஏர்பேக் இருக்கும். சீட்டின் ஓரத்தில் அந்த அடையாளம் தைத்திருந்தால், அதை இறுக்கி மூடும் கவரைப் போடாதீர்கள். கார் கையேட்டிலேயே இதைப் பற்றி எழுதியிருப்பார்கள்.

கவருக்கு மேலே துவைக்கக்கூடிய தடித்த பருத்தித் துண்டு ஒன்றை விரியுங்கள். எச்சிலையும் ஈரப் பாதத்தையும் அது வாங்கிக்கொள்ளும், நாய்க்கும் பிடிமானம் கிடைக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கவரைக் கழற்றி, அடியில் சேர்ந்த மணலை வேக்குவம் பண்ண வேண்டும். கவருக்கும் லெதருக்கும் நடுவே சிக்கிய மணல், நாய் அசையும்போதெல்லாம் உப்புத்தாள் வேலை செய்யும். கவர் போட்டதால் சீட் தேய்ந்தது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் கழற்றவே கழற்றாதவர்கள்.

கதவுக்குத் தனியாகத் தடுப்பு வேண்டும். கண்ணாடியின் அடிவிளிம்பில் மாட்டித் தொங்கும் கதவுக் கவர்கள் உண்டு. ஏற்கெனவே விழுந்த கீறல்களைச் சூடு காட்டியோ உப்புத்தாள் தேய்த்தோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். கதவு பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும் சொரசொரப்பு வேலைப்பாடு போய், அந்த இடம் மட்டும் பளபளக்கும். பின் கண்ணாடிகளின் சுவிட்சைப் பூட்டிவைக்கும் பொத்தான் ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும், எப்போதும் போட்டே வையுங்கள். நாய் கால் வைத்துக் கண்ணாடியை இறக்குவதும், தலை வெளியே இருக்கும்போது ஏற்றிவிடுவதும் நடக்கக்கூடியவை.

கழுத்துப்பட்டையை அவிழ்த்துவிடுங்கள்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், உள்ளே கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னால் பாயும். சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழும் வேகம் அது. கழுத்தில் கட்டியிருந்தால் அந்த வேகம் முழுவதையும் கழுத்தெலும்பும் குரல்வளையும் தாங்க வேண்டும். மோதல்கூட வேண்டாம், ஒரு சடன் பிரேக் போதும்.

மார்பில் அகலமான பட்டை வரும் ஹார்னெஸ், அதிலும் பயணத்துக்கென மோதல் சோதனை செய்யப்பட்டது, வாங்கி அதைச் சீட் பெல்ட்டோடு இணையுங்கள். இணைப்பு வார் குட்டையாக இருக்கட்டும். நாய் எழுந்து படுக்க முடிய வேண்டும், முன் சீட்டின் இடைவெளி வரை எட்டக் கூடாது. நடைப்பயிற்சிக்கான ஹார்னெஸ் இந்த வேலைக்குத் தாங்காது. பெல்ட் பூட்டின் சிவப்புப் பொத்தானை நாய் மிதித்தே திறந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பெல்ட்டையே ஹார்னெஸின் முதுகு வளையத்துக்குள் நுழைத்துப் பூட்டி, பூட்டை உடம்புக்கு அடியில் வராதபடி ஓரமாக வைத்தால் இது நடக்காது.

என்னைக் கேட்டால், சின்னதுக்கு ஹார்னெஸைவிடக் கூண்டு நல்லது. நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவு போதும். அதைவிடப் பெரிதானால் உள்ளே உருளும். அடியில் ரப்பர் பாய், அதன்மேல் துண்டு. வாந்தியும் சிறுநீரும் கூண்டின் தட்டோடு நின்றுவிடும், சீட்டுக்கு வராது. கூண்டை வாரால் அசையாமல் கட்டியிருக்க வேண்டும். பயணிகள் பகுதியோடு காற்று ஒன்றாக ஓடும் டிக்கியாக இருந்தால் அங்கே வைக்கலாம். தனியே மூடும் டிக்கியில் ஒருபோதும் கூடாது.

போகாத நாற்றம்

சிறுநீரில் உள்ள யூரிக் அமிலம் உலர்ந்ததும் நுண்ணிய படிகமாகிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாது. காற்றில் ஈரமும் சூடும் ஏறும்போது மறுபடி வாடை விடும். நீங்கள் துடைத்தது மேல்தோலை. நாற்றம் இருப்பது துளைகள் வழியாக இறங்கிய ஃபோமில்.

பினாயிலை நிறுத்துங்கள். ஃபீனால் சார்ந்த கிருமிநாசினிகள் நாயின் பாதத்தையும், அந்தப் பாதத்தை நக்கும் வாயையும் புண்ணாக்கக்கூடியவை. அம்மோனியா கலந்த திரவங்களின் வாடை நாய்க்குச் சிறுநீரை நினைவூட்டும். குளோரின் ப்ளீச்சைச் சிறுநீர்மேல் ஊற்றினால் இரண்டும் வினைபுரிந்து மூச்சை அடைக்கும் வாயு வரும். மூடிய காருக்குள் அது விளையாட்டில்லை. நாற்றத்துக்குத் தேயிலை மர எண்ணெய், நாஃப்தலீன் உருண்டை வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நாய்க்கு நஞ்சு. வினிகர் அம்மோனியா வாடையைக் கொஞ்சம் அமுக்கும், படிகத்தை ஒன்றும் செய்யாது.

படிகத்தை உடைப்பது என்சைம் கிளீனர்தான். ஆனால் உங்கள் சீட் லெதர் என்பதால் ஒரு சிக்கல். புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சில தயாரிப்புகளில் இருக்கும், லெதரும் புரதம்தான். ‘லெதரில் பயன்படுத்தலாம்’ என்று லேபிளில் இல்லாவிட்டால் சீட்டின்மேல் அதை ஊற்றாதீர்கள். மேல்தோலை லெதருக்கான மிதமான கிளீனரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உள்ளே இறங்கியதற்கு, சீட் உறை தைக்கும் கடையில் உறையைக் கழற்றி ஃபோமுக்கு மட்டும் என்சைம் போட்டு, முழுக்கக் காயவைத்து மாட்டித் தரச் சொல்லுங்கள். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்புகள் இருந்தால் அவை ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. அவற்றை நீங்கள் கழற்ற வேண்டாம். காற்று ஊதும் சீட்டாக இருந்தால், அடியில் உள்ள விசிறிக்கும் சிறுநீர் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

துணி விரிப்பில் நீங்களே செய்யலாம். ஏற்கெனவே பினாயில் பட்ட இடமென்றால் முதலில் இரண்டு மூன்று முறை குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஒற்றி எடுங்கள். மிச்சமிருக்கும் கிருமிநாசினி என்சைமைச் செயலிழக்கச் செய்துவிடும். பிறகு கறை தெரியும் வட்டத்தைவிட நான்கு விரல் அகலம் கூடுதலாக, அடிவரை நனையும்படி ஊற்றுங்கள். மேலே தெரிவதைவிட அடியில் அதிகம் பரவியிருக்கும். காயாமலிருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடி, லேபிளில் சொன்ன நேரம் விடுங்கள். பிறகு ஒற்றி எடுத்து, கதவுகளைத் திறந்து விசிறி வைத்துக் காயவிடுங்கள். சுடுதண்ணீரும் நீராவியும் வேண்டாம், புரதக் கறை இழையோடு இறுகிவிடும். புதிதாக வாந்தி பட்டால் அட்டைத் துண்டால் வழித்தெடுத்து, தேய்க்காமல் ஒற்றி, காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி சில மணி நேரம் விட்டு வேக்குவம் பண்ணுங்கள். சோடா தூவுவது துணிக்கு மட்டும். லெதரின் துளையில் போய் அடைத்துக்கொள்ளும்.

முடியும் நகமும்

லாப்ரடாருக்கு இரண்டு அடுக்கு முடி. ஒட்ட வெட்டினால் கொட்டுவது நிற்காது, நீளம்தான் குறையும். குட்டையான விறைத்த முடி துணி இழையில் ஊசிபோலக் குத்திக்கொள்ளும், எடுப்பது இன்னும் கஷ்டம். வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அந்த முடிதான். வெட்டுவதற்குப் பதில், பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு குளிப்பாட்டி நன்றாக உலர்த்தி, முந்தைய நாள் கால்மணி நேரம் சீவிவிடுங்கள். காரில் விழும் முடியில் பெரும்பகுதி சீப்போடு வந்துவிடும்.

விரிப்பில் சிக்கியதை நேராக வேக்குவம் பண்ணினால் வராது. ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுங்கள். கயிறுபோல உருண்டு வரும். அதன் பிறகு வேக்குவம். ஏ.சி.யின் கேபின் ஃபில்டரை வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல் இடையில் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நாய் வாடை காற்றில் வருகிறது என்றால் பல சமயம் முடி அடைத்த அந்த ஃபில்டர்தான் காரணம்.

நகம்: பெரியவன் கெட்டியான தரையில் நடக்கும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் நீளம் அதிகம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்குங்கள். புதிதாக வெட்டிய நகத்தின் விளிம்பு கூர்மை. அதே நாளில் காரில் ஏற்றினால் கீறல் கூடத்தான் செய்யும்.

இரண்டு விரல் கண்ணாடி

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, விடக் கூடாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும். சூடான, ஈரமான காற்றில் அது வேலை செய்யாது. சாப்பிட இறங்கும்போது ஒருவர் மாற்றி ஒருவர் நாய்களோடு வெளியே நிழலில் நில்லுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சின்னது பழகும் இந்த ஒன்றரை மாதத்துக்கு நீண்ட பயணத்தில் அதை மட்டும் விட்டுப் போவது நல்லதே. பழக்கிய உழைப்பு ஒரே வாந்தியில் வீணாகாது. காப்பகமானால் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். பல நாய்கள் சேரும் இடத்தில் பரவும் இருமல் நோய்க்கான தடுப்பு மருந்தையும், விடுவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும், காரில் ஏற்றுவதற்கு முன், காது மடல், விரலிடுக்கு, வாலடி என்று உண்ணி தேடிப் பாருங்கள். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஒன்று சீட் இடுக்கில் விழுந்தால் அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்கு எந்தக் கவரும் தடுப்பாகாது.